வளைகுடாக் கரையில் ஒரு விடியற்காலை

கடலோடு பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தவராகிய எமக்குக் கடற்கரை ஒரு புதுமையன்று. காரைநகர்க் கசூரினாக் கரையில் இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடந்து பழகியவர்கள் நாம். ஆதலின், ஆகஸ்ட் விடுமுறையொன்றில் டுபாயில் தொழில்புரியும் எம் தம்பியார் வீட்டில் தங்கியிருந்தபோது, "அண்ணை, இங்கத்தைக் கடலுக்கு விடியவே போகவேணும், வெயில் ஏறமுன்னம் திரும்பவேணும்" என்று அவர் சொன்னதைக் கேட்டு நகைத்தோம். வெயிலுக்கு அஞ்சியன்றோ மக்கள் கடலை நாடுகின்றனர்! கடலுக்குப் போகவும் வெயிலுக்கு அஞ்சவேண்டுமோ?

ஒரு சனிக்கிழமை, சூரியன் எழும் வேளையில், உம்சுக்கைம் பொதுக் கடற்கரையை அடைந்தோம். பாய்மரம்போல் நிமிர்ந்த 'புர்ஜ் அல் அரப்' மாளிகை ஒருபுறம். மாசற்ற வெண்மணல் மறுபுறம். கட்டணம் எதுவுமில்லை. பல நாட்டுக் குடும்பங்கள் அவ்வேளையிலேயே கூடியிருந்தன. நீரில் கால்வைத்த நாம் திகைத்தோம். அஃது அடுப்பிலிருந்து இறக்கி ஆறவைத்த நீர்போன்று இளஞ்சூடாக இருந்தது.

காரணம் அறிதற்கு அரியதன்று. பாரசீக வளைகுடா ஆழங் குறைந்த கடல். பெரும்பாலும் 90 மீற்றருக்கு உட்பட்டதே. ஹோர்முஸ் என்னும் ஒடுங்கிய தொடுவாய் வழியாகவே இந்து சமுத்திர நீர் அதனுட் புகவேண்டும். ஆதலின் கோடையில் அந்நீர் 33 பாகை செல்சியஸையும் கடந்து சூடேறும். நமது உடலின் வெப்பமோ 37 பாகை. அத்தகைய நீரில் நீந்துபவனின் உடல் தன் சூட்டை எளிதில் இழக்கமாட்டாது. கரையேறினாலும், ஈரம் மிகுந்த காற்றில் வியர்வை உலராது. கடலில் நிற்கிறோம், வெயில் எம்மை என்செய்யும் என்று எண்ணியிருப்பவர், தலைச்சுற்றும் மயக்கமும் வந்த பின்னரே தம் பிழையை உணர்வர். 2023 ஆம் ஆண்டில் ஜுமைரா, உம்சுக்கைம் கரைகளில் ஒளிவிளக்கும் உயிர்காப்பாளரும் உள்ள இரவு நீராடும் பகுதிகளை நகராட்சியார் திறந்துவைத்தனர்.

தம்பியார் சொல்லின் உண்மையை நாம் அறிந்துகொண்டோம். ஆயினும் அக்கடல் கற்பித்த பெரிய பாடம் வேறொன்று.

அலையென்பதே இல்லை, குளம்போற் கிடந்தது நீர். தம்பியாரின் ஏழு வயது மகள், காற்றடைத்த இறப்பர் வளையமொன்றை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். கணப்பொழுதில் அது கைநழுவி, ஓசையின்றி அப்பாற் சென்றது. "பெரியப்பா, என்ரை வளையம்!" என்று குழந்தை அலறினாள். தம்பியார் நல்ல நீச்சற்காரர், பாய்ந்து சென்றார். அவர் ஒரு பாகம் நீந்த, வளையம் இரு பாகம் விலகிற்று. நாம் கரையில் நின்று, "இன்னுங் கொஞ்சந்தான்!" என்று ஊக்கப்படுத்திக்கொண்டிருந்தோம். அதனை நினைக்க இன்றும் நாணுகின்றோம்.

அவ்வேளை, காவற் கோபுரத்திலிருந்து விசில் இடைவிடாது ஒலித்தது. உயிர்காப்பாளர் ஓடிவந்து, திரும்புமாறு கையசைத்தார். தம்பியார் கரையேறியபோது, மூச்சுவாங்கி மணலில் அமர்ந்துவிட்டார். "வளையம் கடையில் கிடைக்கும், ஐயா" என்று மாத்திரம் அவ்விளைஞர் ஆங்கிலத்திற் கூறினார்.

பின்னர் அவரே விளக்கினார். இரவில் நிலம் குளிர்வதால், விடியலில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அக்காற்றே கரையோர நீரைச் சலனமற்றதாக்கும். மிதப்பவற்றை உள்ளே இழுத்துச் செல்வதும் அதுவே. அலையின்மையைப் பாதுகாப்பென்று நாம் கொண்டோம். எமது மாரிக்கடல் இரைந்து எச்சரிக்கும். இக்கடலோ புன்னகைத்தே அழைத்துச்செல்லும்.

அங்குச் செல்லும் உறவினர் நம்மவருட் பலர். அவர்கட்குச் சில சொல்வோம். உயிர்காப்பாளர் இல்லாத இடத்தில் இறங்கற்க. பச்சைக் கொடி அமைதியையும், மஞ்சள் அவதானத்தையும், சிவப்பு ஆபத்தையும், ஊதா சொறிமுட்டை முதலியவற்றின் வரவையும் குறிக்கும். 'ஷமால்' எனும் வடமேற் காற்று வீசும் நாள்களிற் கடல் கொந்தளிக்கும். அன்று மணலோடு நின்றுவிடுக. நீரோட்டம் இழுப்பின் எதிர்த்துப் போராடாது, கரைக்கு இணையாக நீந்தி விலகுக. தாகம் எடுக்குமுன்னரே தண்ணீர் அருந்துக. நவம்பர் முதல் மார்ச் வரையுள்ள மாதங்களே இக்கரைக்கு இனியவை.

அடுத்த சனிக்கிழமையும் சென்றோம். புதிய வளையம் வாங்கித் தருவதாகச் சொல்லியும் குழந்தை வேண்டாமென்றாள். மணலில் இறங்கியதும், செருப்பைக் கழற்றுமுன், காவற் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "பெரியப்பா, பச்சைக் கொடி!" என்றாள். அதன் பின்னரே தந்தையின் கையைப் பற்றிக்கொண்டு நீரில் இறங்கினாள். நாமும் கொடியை ஒருமுறை பார்த்துவிட்டே அவர்களைப் பின்தொடர்ந்தோம்.