ஆலைக்காரர் மகன்

சென்ற ஆடியில் இங்கிலாந்து போயிருந்தபோது, அங்கே பொறியியல் பயிலும் எம் மகனுடன் பிளாட்போர்ட் நீராலையைக் காணப் புறப்பட்டோம். மானிங்ரீ புகையிரத நிலையத்தில் இறங்கி ஸ்டூர் ஆற்றோரமாக நடை. கோடை என்றுதான் பெயர்; வெயிலோ நம் யாழ்ப்பாணத்து மார்கழிக் காலை வெயில்! கரையெங்கும் பசும்புல், எம்மை வெறித்து நோக்கும் பசுக்கள்.

ஆலை, 1733இல் எழுந்த செங்கற் கட்டடம். ஆற்றுநீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் அரைகல்லைச் சுழற்ற, கோதுமை மாவாகித் தோணியேறிய காலம் ஒன்றிருந்தது. இன்று அரைவை இல்லை.

அக்காலத்தில் அதன் உரிமையாளராயிருந்தவர் கோல்டிங் கொன்ஸ்டபிள். தமக்குப்பின் மகன் ஜோன் தொழிலை ஏற்கவேண்டுமென விரும்பினார். மகனோ 1799இல் ஓவியம் பயில இலண்டன் போய்விட்டார். ஆலை தம்பியின் பொறுப்பாயிற்று. இலண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் தொங்கும் ‘வைக்கோல் வண்டி’ அவர் 1821இல் தீட்டி முடித்தது. ஆலைமுற்றத்திலிருந்து தெரியும் நீர்நிலையே அதிலுள்ள காட்சி. ஆலை மட்டும் படத்தில் இல்லை!

எம் மகனும் ஓவியம் பயில விரும்பியவனே. பரீட்சைக் காலத்தில் பாடநூலுக்குள் அவன் ஒளித்துவைத்திருந்த படங்களை நாம் கிழித்தெறிந்ததுண்டு. அதைப்பற்றி அன்றும் அவன் பேசவில்லை, இன்றும் பேசுவதில்லை.

“அந்தத் தகப்பனார் கடைசியில் செலவுக்குப் பணம் கொடுத்தவராம், அப்பா” என்றான், நீரை நோக்கியபடியே.

பின்னர் கரையில் அமர்ந்து, பையிலிருந்து பென்சிலை எடுத்தான். புகையிரதத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. நாம் காட்சியை மறைக்காதபடி சற்றே விலகி நின்றோம்.