படம் போனது, குரல் இருந்தது

அமெரிக்கக் காற்பந்தின் 'சூப்பர் பவுல்' இறுதியாட்டம் நமக்குத் திங்கட்கிழமை காலையில் வருகிறது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் அதை முழுதாகப் பார்த்ததே இல்லை. மாலையில் பார்த்துக்கொள்ளலாம், எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிடுவேன். முதல் சூப்பர் பவுல் அப்படித்தான் போய்விட்டது.

1967 ஜனவரி 15, லாஸ் ஏஞ்சலிஸ். கிரீன் பே பேக்கர்ஸ், கேன்சஸ் சிட்டி சீஃப்ஸை 35-10 என வென்றது. இரண்டு லீக்குகளின் வெற்றியாளர்கள் மோதியதால், ஒன்றின் உரிமை வைத்திருந்த சிபிஎஸ், மற்றதை வைத்திருந்த என்பிசி இரண்டுமே ஒளிபரப்பின. இரண்டாம் பாதி தொடங்கும்போது என்பிசி விளம்பர இடைவேளையிலிருந்து திரும்பவில்லை. அதற்காகப் பந்தை மறுபடியும் உதைக்கச் சொன்னார்கள்!

தொலைக்காட்சிக்கு அத்தனை மரியாதை. ஆனால் முழு ஒளிப்பதிவை இரண்டு நிலையங்களுமே வைத்துக்கொள்ளவில்லை. அன்று ஒளிநாடா விலை அதிகம். பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவார்கள்.

2016-ல் என்எஃப்எல் நெட்வொர்க் பல இடங்களில் கிடைத்த படச்சுருள்களிலிருந்து அந்த ஆட்டத்தைத் துண்டு துண்டாகக் கோத்தது. பின்னணிக் குரல் என்பிசி வானொலியின் ஜிம் சிம்சனுடையது. வானொலி கேட்டு வளர்ந்த எனக்கு இதில் ஓர் அற்பப் பெருமை. தொலைக்காட்சி வர்ணனையாளர் பாதியைப் படத்திடம் விட்டுவிடுவார். வானொலிக்காரர் பந்து யார் கையில், எந்தக் கோட்டில் என்று எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்.

பென்சில்வேனியாவில் ஒரு வீட்டுப் பரணிலும் சிபிஎஸ் ஒளிபரப்பின் நாடா கிடைத்தது. இடைவேளை நிகழ்ச்சியும் மூன்றாம் கால்பகுதியின் பெரும்பகுதியும் அதில் இல்லை.