கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம்

வேப்பூர் கூட்டுரோட்டில் பல வருஷமாகக் கார் வேலை பார்க்கிறேன். சென்னை–திருச்சி சாலையும் விருத்தாசலத்திலிருந்து சேலம் போகிற சாலையும் சந்திக்கிற இடம். பாதி வழியில் படுத்துக்கொண்ட வண்டிதான் எனக்குப் பிழைப்பு. அப்படி வந்து நிற்பவருக்கு நான் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த நம்பிக்கைக்கு நான் ஒருமுறை துரோகம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை. ஆட்டுச்சந்தை நாள் என்பதால் ரோடெல்லாம் வண்டி. விருத்தாசலத்துப் பீங்கான் கொலு பொம்மைகளை வைக்கோலில் பொதிந்து ஏற்றிக்கொண்டு ஒரு பெரியவர் சேலம் போகிற வழியில் வந்தார். "தம்பி, கிளட்ச் பஞ்சு மாதிரி இறங்குது. கியர் விழமாட்டேங்குது" என்றார்.

உட்கார்ந்து ஒரே ஒரு தடவை மிதித்தேன். ரிவர்ஸ் போட்டேன், கரகரவென்றது. "பிளேட் போச்சுங்க ஐயா, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்று சொல்லிவிட்டேன்.

அது தப்பு என்பது எனக்கே தெரிந்திருக்க வேண்டும். பிளேட் தேய்ந்தால் வண்டி இழுக்காது. ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது, மேட்டில் கருகல் வாடை வரும். பெடல் மெத்தென்று போய், கியர் விழாமல் கரகரத்தால் கிளட்ச் கட் ஆகவில்லை என்று அர்த்தம். ஆயிலில் வேலை செய்கிற கிளட்சில் அப்போது முதலில் பார்க்க வேண்டியது பானெட்டுக்குள் இருக்கிற ஆயில் டப்பாவை. பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் அது ஒன்றேதான். கிளட்சுக்குப் போகிற குழாய் டப்பாவில் கொஞ்சம் மேலே இருக்கும். ஆயில் குறைந்தால் முதலில் கிளட்ச்தான் பஞ்சாகும். அடுத்து, பெடலை நாலைந்து தடவை பம்ப் பண்ண வேண்டும். கெட்டியாகி மேலே வந்தால் லைனில் ஏர் இருக்கலாம். மிதித்துப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்ல அமுங்கினால் மாஸ்டர் சிலிண்டரில் வாஷர் போயிருக்கலாம். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிஷ வேலை.

என்னிடம் வேலை பழகிய பையன் கோளாறைப் பார்த்துவிட்டான். பெடலுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, "அண்ணே, இங்க ஈரமா இருக்குண்ணே" என்றான். விரலைத் தேய்த்துக் காட்டினான். வழவழவென்று இருந்தது. தண்ணீர் அப்படி இருக்காது. "பாட்டில் கொட்டியிருக்கும், போய் ஜாக்கை எடு" என்று அவனை அதட்டினேன். சொன்ன சொல்லை எல்லார் முன்னாலும் மாற்றிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் காரணம்.

கியர்பாக்ஸை இறக்கிப் பழைய பிளேட்டைக் கையில் எடுத்தேன். ரிவெட்டுக்கு மேல் இன்னும் நிறைய சதை இருந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். புது செட் வாங்கி வந்தாயிற்று, கூலியும் பேசியாயிற்று. அதையே மாட்டினேன். மாட்டி முடித்து மிதித்தால், பெடல் அதே பஞ்சு.

பிறகுதான் கார்ப்பெட்டைத் தூக்கினேன். அடியில் நுரைப்பஞ்சு முழுக்க ஆயில் ஊறிக் கிடந்தது. மாஸ்டர் சிலிண்டருக்குக் கிட் போட்டு, புது டாட் 4 ஊற்றி, பையன் மிதித்துப் பிடிக்க, நான் கீழே நிப்பிளைத் திறந்து ஏர் எடுத்தேன். குமிழ் குமிழாக வந்து, கடைசியில் ஆயில் மட்டும் சீராக வந்தது. பெடல் கல் மாதிரி நின்றது.

"அதுவும் போயிருந்துச்சுங்க ஐயா" என்றேன். இரண்டையும் பில்லில் எழுதினேன். மடியிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தார். பத்தாயிரத்துக்கு மேல். எத்தனை பொம்மை விற்றால் அந்தப் பணம் வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கிளம்பும்போது பையன் கையில் ஒரு சின்ன யானைப் பொம்மையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் அதே வழியில் வந்தவர் வண்டியை ஓரங்கட்டி, "நீ போட்ட கிளட்ச் நல்லா ஓடுது தம்பி" என்றார். சரிங்க ஐயா என்று தலையாட்டினேன். பையன் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

போன மாசம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியவரிடம் இன்னும் கேட்கவில்லை. அவருடைய நம்பர் பில் புத்தகத்தின் அடிக்கட்டையில் இருக்கிறது.