பனிக்குக் காத்திருக்கும் புல்வெளி

உதகைக் குளிர்காலம் என்றதும் சமவெளிக்காரர்களான நமக்கு மூடுபனிதான் நினைவுக்கு வருகிறது. புல்லுக்குத் தீங்கு செய்வது அதுவன்று. மேகமற்ற, காற்றசையாத இரவுகளே அதைக் கருக்குகின்றன. பகலில் பெற்ற வெப்பத்தை நிலம் தடையின்றி வானுக்கு இழந்துவிட, குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. நீலகிரியின் ஒரு கோல்ஃப் மைதானத்தில், மேட்டுப்புல் பச்சையாகவும் பள்ளத்துப்புல் உப்புப் பூத்தாற்போலவும் இருந்த விடியல்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

எங்களில் எவரும் கோல்ஃப் ஆடுபவரல்லர். ஜனவரியில் நண்பர் வீட்டில் தங்கும் நாட்களில் அவ்வழியே நடப்பதோடு சரி. ஆட வந்தவர்கள் கையுறையோடு நிற்பார்கள். சற்றுத் தள்ளி, மட்டைப்பை சுமப்பவர்கள் குந்தியிருப்பார்கள். (அவர்களுக்குரிய ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் காவல்நிலையப் பட்டியல் நினைவுக்கு வரும், தவிர்த்துவிடுவோம்.)

உறைந்த புல்லை மிதித்தால் அதன் உயிரணுக்களின் சுவர்கள் நொறுங்குகின்றன. அப்போது ஒன்றும் தெரியாது. பனி உருகிச் சாறு கசிந்த பின்னரே காலடிகள் ஒவ்வொன்றாகக் கறுக்கத் தொடங்கும். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து வந்து நீலகிரியில் வேரூன்றிவிட்ட கிகுயு புல், தரையோடு படரும் தண்டு பிழைத்திருந்தால் மீண்டும் தழைத்துவிடும். ஆனால் குளிரில் அது வளர மறுப்பதால் தடம் மறையப் பல வாரங்கள் ஆகும். பராமரிப்புப் பணியாளர் ஒருவர் பழுப்பேறிய ஒரு வரிசையைக் காட்டினார். "போன வாரம் ஒருத்தர் பந்து தேடிப் போன வழி சார் இது." போனவரின் நடைநீளத்தைக்கூட அதில் அளந்திருக்கலாம்.

தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் கொண்டு மூடுகிறார்கள். புல்வெளிக்கு விடியலில் நீர் தெளிக்கிறார்கள். இவ்வளவு பெரிய மைதானத்தை எதைக்கொண்டு மூடுவது? கதிரவனுக்குக் காத்திருப்பதே வழி. ஸ்காட்லாந்துக் குளிர்காலத்தில் நிலம் நாட்கணக்கில் இறுகிக் கிடப்பதுண்டு. ஏறத்தாழ 11 பாகை அட்சரேகையில், 2,200 மீட்டருக்கு மேலிருக்கும் உதகையிலோ வெயில் ஏறியதும் வெண்மை கரைந்துவிடுகிறது. அதன் பிறகும் ஆட்டம் சீராக இராது. ஈரப்புல்லில் பந்து தயங்கி நிற்கும். நண்பகலில் தரை காய்ந்ததும் அதே பந்து எல்லை மீறி ஓடும். மர நிழல்களில் மட்டும் பனி நெடுநேரம் தங்கும். மரத்தின் வடிவிலேயே, வெள்ளையாக.

காத்திருப்பின் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. சுமப்பவர்களுக்கு ஆட்டக் கணக்கில்தான் கூலி. ஓர் ஆட்டம் முடிய நான்கு மணிநேரமாகும். ஏழுக்குத் தொடங்கினால் அன்று இன்னொன்றும் கிடைக்கக்கூடும். ஒன்பதரைக்குத் தொடங்கினால் அது ஐயமே. புல்லுக்காக நிற்பது நியாயம்தான். அந்த நிற்றலைப் புல்லின் பராமரிப்புச் செலவில் சேர்க்காமல் விட்டதே எங்களுக்கு உறுத்தியது. "இந்த ரெண்டு மணி நேரத்துக்கு ஏதாவது தருவாங்களாண்ணே?" என்று முதியவர் ஒருவரிடம் கேட்டோம். சிரித்துவிட்டு, பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நிழலில் வெளுத்துக் கிடந்த புல்லைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.