ஆற்றங்கரையின் அயலார்

சென்னையில் அடையாற்றின் தென்கரையில் கோட்டூர்புரம் என்னும் சிறு குடியிருப்புப் பகுதி உண்டு. கோட்டூர் என்ற பழஞ்சிற்றூரின் பெயரைத் தாங்கி நிற்கும் அவ்விடம், முன்பு வயலும் தோப்புமாய் இருந்தது. நகரம் தெற்கே வளர்ந்தபோது அங்கே வீட்டுமனைகள் எழுந்தன. அரசு அலுவலரும் பேராசிரியரும் குடியேறினர். ஆற்றுக்கு இன்னும் அருகே, சித்ரா நகரில், குடிசை மாற்று வாரியத்தின் மாடிக் குடியிருப்புகள். அவற்றையும் தாண்டி, நீரோரத்தில், குடிசைகள். எவர் எந்நிலையில் வாழ்கிறார் என்பதை ஆற்றுக்கும் அவர் வாசலுக்கும் உள்ள தூரத்தைக் கொண்டே அறிந்துவிடலாம் என்று நாம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 2015-க்குப் பிறகு அதைச் சொல்ல நமக்கு நா எழுவதில்லை.

அமைதியான ஊர். நண்பகலில் தெருக்களில் மரநிழலும் காகமும்தான். 2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்ட பின்னர், தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் கூட்டம் அப்பக்கம் வரத் தொடங்கிற்று. அந்நூலகத்தை மருத்துவமனையாக்க 2011-இல் அரசு முடிவெடுத்ததும், நீதிமன்றம் தடுத்ததும் வாசகர் அறிந்தவையே.

ஆற்றை மட்டும் எவரும் பொருட்படுத்தவில்லை. ஆண்டின் பெரும்பகுதி அதில் ஓடுவது கழிவுநீர். மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடப்போம்.

2015 டிசம்பர் 1 அன்று பெருமழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அன்றிரவு குடிசை, மாடி, பங்களா என்ற வேறுபாடின்றி ஆறு உள்ளே புகுந்தது. இது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை கூறிற்று.

நமக்கு அறிமுகமான மூதாட்டி ஒருவர், குடிசைவாசி. பெரிய வீடொன்றில் முப்பது ஆண்டுகள் பாத்திரம் துலக்கியவர். அவ்விரவில் வாரியக் கட்டடத்தின் மேல்மாடியில் அந்நியர் வீட்டில் ஒதுங்கினார். தம் எசமானியம்மாளும் அதே மாடிப்படியில் நனைந்த சேலையோடு உட்கார்ந்திருந்ததைச் சொல்லிச் சிரிப்பார். "அன்னிக்கு ஒருநாள் நாங்க ரெண்டுபேரும் ஒரே தட்டுல சாப்ட்டோம் சாமி."

வெள்ளம் வடிந்தது. ஆற்றோரக் குடிசைகள் அகற்றப்பட்டன. அவருக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தது. மதில் கட்டிய வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆற்றைக் காக்கவே இவ்வேற்பாடு என்றால், காக்கும் பொறுப்பு ஏழையின் தலையில் மட்டும் விழுந்தது ஏன் என்பது நமக்கு இன்றும் விளங்கவில்லை. பெரும்பாக்கத்திலிருந்து வேலைக்கு வந்துபோகப் பேருந்துக் கட்டணமும் காலமும் கட்டுப்படியாகாமல், அவர் அவ்வேலையை விட்டார்.

நாம் அவரைப் பார்க்கச் சென்றது ஏழு மாதம் கழித்தே. பணிமிகுதி என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அவர் குறைசொல்லவில்லை. தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஆத்துல இப்போ எவ்ளோ தண்ணி ஓடுது சாமி?" என்றார். நமக்குத் தெரியவில்லை. அன்று திரும்பும்போது கோட்டூர்புரம் பாலத்தில் இறங்கி, எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். அடுத்த முறை போனபோது சொன்னோம்.