பாதி மொடெம்

2006ஆம் ஆண்டில் ஒரு நாள், எனது கட்டுரையொன்றை ஓர் இணையத்தளம் என் பெயரை நீக்கிவிட்டு அப்படியே பிரசுரித்திருந்தது. அன்று மாலை முழுவதும் ஆசிரியபீடத்தில் அதைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்தேன். பக்க வடிவமைப்புச் செய்யும் இளைஞர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஐயா, உங்கட மடிக்கணினியில ஓடுற விண்டோஸ் காசு குடுத்து வாங்கினதோ?" என்றார்.

நான் வாய் திறக்கவில்லை. அது நடைபாதைக் கடையில் வாங்கிய இறுவட்டு என்பது அவருக்கும் தெரியும். மறுநாள் அவரே உபுண்டு லினக்ஸ் 6.06 இறுவட்டு ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். கேட்பவர்களுக்கு அதனை இலவசமாகத் தபாலில் அனுப்பிவைத்த காலம் அது. 700 மெகாபைட் கொண்ட இறுவட்டொன்றை எங்கள் வீட்டுத் தொலைபேசி இணைப்பு வழியே, செக்கனுக்கு 5 கிலோபைட் வீதம் இறக்க முயன்றிருந்தால் ஏறத்தாழ 40 மணித்தியாலங்கள் சென்றிருக்கும். ஆகவே தபாலே வேகமான வழி.

ரோசத்தில் பழையதை முற்றாக அழித்துவிட்டு லினக்ஸை நிறுவினேன். திரை வந்தது, ஒலி வந்தது, தமிழ் எழுத்துக்களும் ஒழுங்காகவே தெரிந்தன. மடிக்கணினியின் உள்ளே இருந்த மொடெம் மட்டும் அசையவில்லை. அப்படியொரு சாதனம் இருப்பதாகவே கணினி ஒப்புக்கொள்ளவில்லை.

இது வேறு எவருக்காவது சிறிய தொல்லையாக இருந்திருக்கலாம். எனது வாரப் பத்தியோ சனிக்கிழமை நண்பகலுக்கு முன் மின்னஞ்சலில் அலுவலகத்தைச் சென்றடைய வேண்டும். மொடெம் இல்லையென்றால் நானே எடுத்துச் செல்ல வேண்டும். கொழும்பில் சோதனைச் சாவடிகள் பெருகியிருந்த ஆண்டு அது. தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையும், பையில் ஒரு கணினியும், அதனுள் தமிழில் ஒரு கட்டுரையும். எந்தச் சாவடியில் எவ்வளவு நேரம் விளக்கம் சொல்ல நேரிடும் என்று யாருக்குத் தெரியும்? மூன்று சனிக்கிழமைகள் அப்படிப் போய்வந்தேன். வீடு திரும்பும்வரை மனைவி வாசலிலேயே நின்றாள்.

"பழைய விண்டோஸையே போட்டுவிடலாமே, அரை மணித்தியால வேலைதானே" என்றார் ஒரு நண்பர். உண்மைதான். ஆனால் அந்த இளைஞரின் முகத்தில் விழிக்க வேண்டுமே!

மொடெம் ஏன் பேச மறுத்தது? இதை விளங்கிக்கொள்ள எனக்கு என் தொழிலே உதவியது. எழுபதுகளில் வெளியூர்ச் செய்திகளை ட்ரங்க் கோல் எடுத்து, ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகக் கத்திச் சொல்வோம். மறுமுனையில் இருப்பவர் திருப்பிச் சொல்வார். பிழையென்றால் மீண்டும் சொல்வோம். மொடெம் செய்வதும் இதுவேதான். கணினியின் இலக்கங்களை ஒலியாக்கித் தொலைபேசிக் கம்பியில் அனுப்புகிறது; வரும் ஒலியை இலக்கமாக்குகிறது; பிழை கண்டால் மறுபடி கேட்கிறது. மேசைமீது வைக்கும் பழைய மொடெம்களில் இதற்கான மூளை உள்ளேயே இருந்தது. 1981இல் வெளிவந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மொடெம் அறிமுகப்படுத்திய 'ஏ.ரி.' கட்டளைகளைக் கொடுத்தால் போதும், எந்தக் கணினிக்கும் அது பணிந்து நடக்கும். மடிக்கணினிக்குள் மலிவாக வைக்கப்பட்ட மொடெமோ வாயும் காதும் மாத்திரமே. மூளை, விண்டோஸுக்கென்று எழுதப்பட்ட மென்பொருளில் இருந்தது. அதனால்தான் இவற்றுக்கு 'வின்மொடெம்' என்று பெயர் வந்தது. விண்டோஸை அழித்தபோது என் மொடெமின் பாதியையும் சேர்த்தே அழித்திருக்கிறேன்!

இணையத்துக்குச் செல்லும் வழியைத் திறக்கும் திறப்பு இணையத்திலேயே இருந்தது. சந்தியிலிருந்த நெட் கபேக்கு நடந்தேன். இத்தகைய மொடெம்களுக்கென்றே தன்னார்வலர்கள் நடத்திய 'லின்மொடெம்ஸ்' தளத்திலிருந்து 'ஸ்கான்மொடெம்' என்ற சிறு நிரலை எடுத்து வந்து ஓட்டினேன். உள்ளே இருக்கும் சில்லின் இனத்தை அது கண்டறிந்து, 'எஸ்எல்மொடெம்' என்ற மென்பொருள் தேவை என்றது. மறுபடி நெட் கபே. அதனை நிறுவத் தொகுப்பி வேண்டும் என்றது கணினி. தொகுப்பி கிடைத்ததும், கேர்னலின் தலைப்புக் கோப்புகள் எங்கே என்றது. ஓர் அரச அலுவலகத்தில் கடிதமொன்றைப் பெறப் போனவனின் நிலைதான்.

எல்லாம் முடிந்து இலக்கத்தைச் சுழற்றச் சொன்னபோது, 'டயல் ஒலி இல்லை' என்ற செய்தி வந்தது. தொலைபேசியை எடுத்துக் காதில் வைத்தேன்; ஒலி தெளிவாகக் கேட்டது. எங்கள் ஊர்த் தொலைபேசியின் ஒலியை அந்த மென்பொருளுக்கு அடையாளம் காணத் தெரியவில்லை போலும். ஒலிக்காகக் காத்திராமல் சுழற்று என்று சொல்லும் 'ஏ.ரி.எக்ஸ் 3' என்ற கட்டளையைச் சேர்த்தேன். இரவு பதினொரு மணியளவில் இணைப்புக் கிடைத்தது. நான்காவது சனிக்கிழமை எனது பத்தி மாத்திரம் அலுவலகம் போனது. நான் வீட்டில் இருந்தேன்.

இதையும் சொல்லிவிட வேண்டும். எஸ்எல்மொடெமின் சமிக்ஞைகளைக் கையாளும் பகுதி, மூலநிரல் வெளியிடப்படாத ஒரு மூடிய கோப்பு. அதனைப் பயன்படுத்த அனுமதி இருந்தது. திறந்து பார்க்க வழி இருக்கவில்லை. கேர்னல் புதுப்பிக்கப்பட்டபோதெல்லாம் நானும் பழையபடி தொகுக்க வேண்டியிருந்தது. முழுச் சுதந்திரம் என்று மார்தட்ட முடியாது. ஆயினும் களவு இல்லை.

இப்போதைய மடிக்கணினிகளில் தொலைபேசிக் கம்பியைச் செருகும் குழியைக் காண்பதே அரிது. அந்தப் பழைய கணினி என் அலுமாரியில் இன்னும் இருக்கிறது. அதிலிருந்து நான் அனுப்பிய முதல் மின்னஞ்சல், என் பெயரை நீக்கிய அந்த இணையத்தளத்துக்கானது. பெயரைச் சேர்த்துவிடுங்கள் என்று இரண்டே வரிகள் எழுதினேன்.

பதில் வரவில்லை. எழுதும்போது கை கூசவில்லை என்பதே எனக்குப் போதுமாயிருந்தது.