சத்து போகிற வழி

"நறுக்கிட்டா கழுவுவாங்க, மாப்பிள்ளை? கழுவிட்டு நறுக்குங்க" என்று அத்தை என் கையிலிருந்த வடிதட்டை வாங்கிக்கொண்டார். அடியில் வைத்திருந்த பாத்திரத்தில் தண்ணீர் வெளிர்பச்சையாக நின்றது. அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "கீரையோட சத்து இதுல கிடக்கு பாருங்க. இதைத்தான் கொட்டப் போறீங்க."

அத்தை என் மனைவியின் அம்மா. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்துக்காரர். மகளுக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, இரண்டு மாதம் இருந்து பார்த்துக்கொள்ள வந்திருந்தார். அந்த உடம்பு முடியாமையை நான் வெகுநாள் வேலைக் களைப்பு என்றே நினைத்திருந்தேன். கிண்டிக்கு வேலைக்குப் போகிறவள். தாம்பரம் ரயில் நிலையத்து நடைமேம்பாலத்தில் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குவாள். ஒருநாள் பரிசோதனை செய்து பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.6 என்று சீட்டு வந்தது. 12க்குக் குறையக் கூடாது.

மருத்துவர் இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். வாரத்தில் மூன்று நாள் கீரை உண்டு என்றோம். "எப்படிச் சமைக்கிறீங்க? சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழிச்சு டீ குடிக்கிறீங்க?" என்று அடுத்துக் கேட்டார். அதுவரை யாரும் எங்களிடம் கேட்காத கேள்வி. எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாங்கி வந்ததில் எவ்வளவு உடம்புக்குப் போய்ச் சேர்கிறது என்பதை அடுப்படியில் நின்று பார்த்தால்தான் தெரியும். அன்றிலிருந்து காலைச் சமையலை நான் எடுத்துக்கொண்டேன். இது எங்கள் வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. காலை நேர மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது அந்தக் கணக்குதான் நினைவுக்கு வருகிறது.

கீரை வாங்குவது மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டில். முன்பு முருங்கைக்கீரையை நாங்கள் வாங்கியதே இல்லை. முடிச்சூர் வீட்டில் கொல்லைப்புறம் ஒரு மரம் நின்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கியது. முருங்கை எந்த வெயிலையும் தாங்கும், வேரில் நிற்கும் தண்ணீரைத் தாங்காது. வெள்ளம் வடிந்த சில வாரங்களில் மரம் அடியோடு அழுகிச் சாய்ந்தது. அதற்குப் பிறகு கட்டுக் கணக்கில் வாங்குகிறோம். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, மணத்தக்காளி என்று நாளுக்கொன்றாக மாற்றுவது அத்தை போட்ட ஏற்பாடு.

முந்தைய இரவே ஆய்ந்து, ஈரமில்லாமல் துணியில் சுற்றி வைத்துவிடுவோம். காலையில் இரண்டு மூன்று தண்ணீரில் மண் போக முழு இலையாக அலசி, பிறகுதான் அரிவாள்மணைக்குப் போகும். சட்டியில் ஒரு கை தண்ணீர்தான் விடுவார் அத்தை. கீரை தன் தண்ணீரிலேயே வெந்துவிடும் என்பார், அப்படித்தான் வேகிறது. தண்டு மசிகிற பதம் வந்ததும் இறக்கி, அந்தத் தண்ணீரோடு மத்தால் கடைந்துவிடுவார். வடிக்கிற பேச்சே கிடையாது. பச்சை நிறம் மாறாமல் இருக்க நான் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடா போடுவேன். ஓட்டலில் பார்த்துக் கற்றது. அத்தை டப்பாவை எடுத்து மேல் பரணில் வைத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, ருசி கெடும் என்று மட்டும் சொன்னார். படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சோடாவின் காரத்தில் பி1 வைட்டமின் அழிந்துபோகும்.

கீரைத் தண்ணீரில் இருக்கிற சத்துகளில் ஒன்று ஃபோலேட். அதன் கதையில் சென்னைக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் இந்தியா வந்தார். பம்பாய் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளை வாட்டிய ரத்தசோகைக்குக் காரணம் தேடுவது அவர் வேலை. 1929இல் சில மாதங்கள் குன்னூரிலும், 1931 தொடக்கத்தில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் இருந்து ஆராய்ந்தார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு கொடுத்தால் அந்தப் பெண்கள் தேறுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். அதிலிருந்த பொருள் என்னவென்று அப்போது தெரியாது. 1941இல் அமெரிக்காவில் நான்கு டன் பாலக்கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். அது தண்ணீரில் கரையும், நெடுநேரச் சூட்டில் சிதையும். திருவல்லிக்கேணியில் ஒரு பெண் அவ்வளவு பாடுபட்டுத் தேடிய பொருளை, முடிச்சூரில் நான் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

சோற்றுக்கும் இதே கதைதான். நான் தண்ணீர் தெளியத் தெளிய நாலைந்து முறை அரிசி களைவேன். அத்தை இரண்டோடு நிறுத்திவிடுவார். இரண்டாவது தண்ணீரில் குழம்புக்குப் புளி ஊறவைப்பார். குக்கரில் வைத்தால் தண்ணீர் உள்ளேயே இழுத்துக்கொள்ளும். பானையில் வடித்தால் கஞ்சியைக் கீழே ஊற்றவிட மாட்டார். உப்பும் கொஞ்சம் மோரும் விட்டு, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு டம்ளர் குடிக்க வேண்டும்.

அரிசியிலும் அவர் புழுங்கல் அரிசியைத் தவிர வேறு தொடமாட்டார். பச்சரிசி பொங்கலுக்கும் படையலுக்கும் மட்டும். இதன் பின்னால் பெரிய விஷயம் இருக்கிறது. 1918இல் ராபர்ட் மெக்காரிசன் குன்னூரில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிய விசாரணையாக ஒரே ஓர் அறையில் ஆரம்பித்ததுதான், 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. ஆலையில் தீட்டிய பச்சரிசி தின்ற வட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் அரிசி தின்ற தமிழ் மாவட்டங்களில் அது தலைகாட்டவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் களைந்தாலும் முழுதாகப் போவதில்லை. நெல் அவித்த பெண்கள் எவருக்கும் பி1 என்ற பெயர் தெரியாது. அவர்கள் கைப்பழக்கம் ஒரு நோயை மாவட்ட எல்லையிலேயே நிறுத்தியிருக்கிறது என்று நினைக்கையில் எனக்கு மனம் நெகிழ்ந்துபோகிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு மாத்திரையை யாரும் நிறுத்திவிடக் கூடாது. 8.6ஐ வெறும் கீரையால் தூக்கி நிறுத்த முடியாது. மருந்தும் சாப்பாடும் சேர்ந்தே வேண்டும் என்பதற்குக் காசநோயே சாட்சி. எங்கள் ரயில் தடத்தில் தாம்பரத்துக்கு அடுத்த நிலையத்தின் பெயரே சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்கு இல்லம் திறந்தபோது காசத்துக்கு மருந்தே கிடையாது. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு, இவைதான் வைத்தியம். பின்னர் மருந்து வந்து கோடிக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் சாப்பாட்டின் வேலை முடிந்துவிடவில்லை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசம் பிடிப்பது ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்திருந்தது.

டீ பற்றிய மருத்துவரின் கேள்விக்கு வருகிறேன். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு லேசில் இழுத்துக்கொள்ளாது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள துவர்ப்பு அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு விடாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றிலுள்ள சி வைட்டமின் இதற்கு நேர்மாறு. அது இரும்பு உள்ளே போகக் கதவைத் திறக்கிறது. ஆனால் சூடு பட்டால் அதன் பலம் குறைந்துவிடும். ஆகவே கொதிக்கிற குழம்பில் எலுமிச்சை பிழிவதைவிட, சாப்பிடும்போது சோற்றின் மேல் பிழிவது நல்லது.

டீயை விடச் சொல்வது சுலபமாக இல்லை. மனைவியின் அலுவலகத்தில் மதியச் சாப்பாடு முடிந்த அடுத்த நிமிடம் டீ மேசைக்கு வந்துவிடும். பத்து வருஷப் பழக்கம். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் இரண்டு மணி நேரம் வேண்டும் என்றபோது அவள் முகம் வாடிவிட்டது. டீயை நாலு மணிக்குத் தள்ளிவைக்க ஒரு மாதம் பிடித்தது. கீரைச் சோற்று டப்பாவின் ஓரத்தில், சின்னக் கிண்ணத்தில் ஒரு எலுமிச்சை மூடியை நான் வைத்து அனுப்பத் தொடங்கினேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த சீட்டில் 10.9. மாத்திரை தொடர்கிறது. அத்தை ஊருக்குப் போய்விட்டார். ஞாயிறுதோறும் போனில், புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தாரா, ஆனதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றினாரா என்று மகளிடம் கேட்டு என்னை விசாரிக்கிறார்.

போன வாரம் டப்பாவைக் கழுவும்போது மனைவி சொன்னாள். பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கும் ரத்தம் குறைவாம். மதியத்தில் எலுமிச்சையை அவளோடு பங்கு போட்டுக்கொள்கிறாளாம். இப்போது கிண்ணத்தில் இரண்டு மூடி வைக்கிறேன்.